பெய்லானின் முதுகு

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெய்லானின் முதுகை நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் எங்கள் குடியிருப்புக்காரர்கள் மட்டும்தான். அவர்களும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் ரிக்‌ஷா இழுப்பவன். நிஜ ரிக்‌ஷா இல்லை. ஷாங்காய் ஓரத்தில் படப்பிடிப்புக்காகவே கட்டிவைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே எடுக்கிற பழங்காலத் தொடர்களில் எல்லாம் ரிக்‌ஷாக்காரன் நான்தான். உடம்போடு ஒட்டித் தைத்த சீனத்து நீள அங்கியான சியோங்சாம் போட்ட கதாநாயகி பின்னால் உட்கார்ந்து அழுவாள், கேமரா அவளையே பார்க்கும், கீழே ஓரத்தில் என் தொப்பி மட்டும் ஓடும். ஒரு தடவை தொப்பியையும் வெட்டிவிட்டார்கள். அதற்காக நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. இப்போது சொல்வதோடு சரி.

பெய்லானுக்குப் பிறவியிலேயே தோள் சரிவு. கழுத்திலிருந்து நேரே கைக்கு இறங்கிவிடும். தோளில் மாட்டுகிற பை அவளிடம் நிற்கவே நிற்காது. கல்யாணமான புதிதில் நாத்தனார் லாய்தி அவளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் முட்டைப் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். பை வழுக்கியது, முட்டை அத்தனையும் போயிற்று. "இவ தோள்ல பையும் நிக்காது, பொறுப்பும் நிக்காது" என்று லாய்தி அன்றைக்குச் சொன்னவள்தான், அதை விடவேயில்லை. விருந்தாளி வந்தால் தேநீரோடு இதையும் சேர்த்துக் கொடுப்பாள்.

லாய்தி என்றால் தம்பியை வரவழைப்பவள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பெண் பிறந்தால் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். இவள் பெயர் பலித்து, தம்பி ஜியாமின் வந்தான். தான் வரவழைத்தவன் என்பதால் தனக்கே சொந்தம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கல்யாணமும் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஜியாமின் நல்லவன்தான். சண்டைக்கு விடும் சிள்வண்டுகளை மண்சாடியில் வளர்க்கிறான். அக்காவும் பெண்டாட்டியும் ஆரம்பித்தால் சாடியில் காதை வைத்துக்கொண்டு, வண்டுக்கு உடம்பு சரியில்லை என்பான்.

பெய்லான் துண்டு நெய்யும் ஆலையில் வேலை பார்த்து ஐம்பது வயதில் ஓய்வு பெற்றாள். பகல் முழுக்க நாத்தனாரோடு ஒரே வீட்டில் என்றதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "ஷென் அண்ணே, என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க. கூட்டத்துல நிக்கறதுன்னாலும் சரி" என்று என்னிடம் வந்தாள். கூட்டிப்போனேன். கொஞ்ச நாள் சந்தைக் காட்சிகளில் கிழிந்த சட்டையோடு முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு புது வியாதி பரவியது. பழைய உடை ஆராய்ச்சி. இளவட்டங்கள் தொடரை நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கி, 1936-ல் இந்த உயரத்துக்குப் பக்கவாட்டில் வெட்டு கிடையாது, இந்தக் கழுத்துப்பட்டை அடுத்த வருஷத்தது என்று இணையத்தில் கிழிகிழி என்று கிழித்தார்கள். இயக்குநர் கோ எடுத்த ஒரு தொடரில் கதாநாயகி குண்டடி பட்டுச் சாகிறாள். நாடே அழவேண்டிய இடம். அவள் குப்புற விழுந்தாள், சியோங்சாமின் முதுகில் ஜிப் தெரிந்தது, நாடே சிரித்தது. அந்தக் காலத்துச் சியோங்சாமுக்கு முதுகில் திறப்பே கிடையாதாம், பக்கவாட்டில் துணி முடிச்சுப் பொத்தான்தானாம். கோ சில நாள் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், பழைய உடைகள் சேர்த்துவைத்திருக்கும் நிங் என்ற அம்மாளைத் தேடிப்போய் அசல் சியோங்சாம் ஒன்றை இரவல் வாங்கியதுதான். சாம்பல் நீலப் பட்டு. தோளில் தையலே கிடையாது, ஒரே துணியை மடித்து வெட்டியது. அந்தக் காலத்துப் பெண்களுக்குச் சரிந்த தோள்தான் அழகு. கதாநாயகியோ உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பெண், தோள் அலமாரி மாதிரி நேராக இருந்தது. ஒரு கையை நுழைத்ததுமே பட்டு முனகியது, நிங் அம்மாள் அதைவிடச் சத்தமாக முனகினாள்.

உடனே முற்றத்தில் பெண்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். உதவி இயக்குநர் ஒரு கைப்பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தோளாக மாட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். எல்லோர் தோளிலும் பை நின்றது. பெய்லானிடம் வந்தபோது விழுந்தது. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். மறுபடி மாட்டினான், மறுபடி விழுந்தது. "இவங்கதான்" என்று கோ கத்தினார். பை விழுந்ததற்காக அவளை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊரில் எடுக்கிற தொடர் எல்லாவற்றிலும் இதே கதைதான். கதாநாயகி முன்பக்கம் யாராக இருந்தாலும் திரும்பினால் பெய்லான். காதலனைப் பார்க்கப் பாலத்தைக் கடக்கும் முதுகு, நடன அரங்கின் படியேறும் முதுகு, ரகசியக் கடிதத்தோடு சந்துக்குள் மறையும் முதுகு எல்லாம் அவளுடையது. அந்தப் பட்டில் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, பலமாகச் சிரிக்கக் கூடாது. நாளெல்லாம் நின்றபடி இருப்பாள். பசித்தால் கழுத்தை முன்னால் நீட்டிக்கொள்வாள், நான் வெங்காயத்தாள் அடையைப் பிய்த்து ஊட்டுவேன், நிங் அம்மாள் கீழே படுக்கை விரிப்பை ஏந்திக்கொண்டு நிற்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வைத்தியம் நடக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆராய்ச்சி இளவட்டங்கள் அந்த முதுகைக் கொண்டாடித் தீர்த்தார்கள். படம் பிடித்து ஒட்டினார்கள், வரைந்தார்கள், கட்டுரை எழுதினார்கள். யாருடையது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தொடரின் முடிவில் ஓடும் பெயர்களில் என் பெயரே கிடையாது, முதுகுக்கு எங்கே போட்டார்கள்?

வீட்டில்தான் சங்கடம். "நேத்து பாலத்துல போனது நான்தான் அக்கா" என்று பெய்லான் ஆசையாகச் சொன்னதும் லாய்தி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த முதுகையும் நம்ம முதுகுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் மைதானத்தில் நடனமாட வரும் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தாள். அப்படியானால் இவள் பகலெல்லாம் எங்கேதான் போகிறாள் என்று அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். காய்கறிக்காரி கொஞ்சம் திரும்பி நில்லு பார்க்கலாம் என்றாள். ஜியாமினிடம் கேட்டதற்கு, அவன் மனைவியின் முதுகைக் கவனித்துப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டான்.

பெய்லானுக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். லாய்தி ஒரே ஒரு தடவை "ஆமா, இது நீதான்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்காக என்ன பாடுபட்டாள் தெரியுமா? அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பேராசிரியர் சியோங்சாம் பற்றிப் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு லாய்தியை இழுத்துக்கொண்டு போனாள், நானும் போனேன். திரையில் ஆளுயரத்துக்குப் பெய்லானின் முதுகு. நல்ல சாப்பாடும் நாற்காலியும் வந்த பிறகு இப்படிப்பட்ட தோள் நம் இனத்திலேயே அற்றுப்போய்விட்டது, இது கணினியில் செய்தது என்றார் அவர். பெய்லான் எழுந்து நின்று, அது தன்னுடையது என்றாள். கூட்டமே திரும்பியது. நடுக்குளிர் காலம். அரங்கில் கதகதப்புக்கு வழியில்லாததால் எல்லோரும் பஞ்சு அடைத்த கோட்டில் உருண்டையாக உட்கார்ந்திருந்தோம், அவளும்தான். பேராசிரியர் மரியாதையாகச் சிரித்து, அக்கா உட்காருங்கள், கேள்வி நேரம் கடைசியில் என்றார். திரும்பி வரும்போது ரயிலில் லாய்தி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெய்லான் பிறகு என்னிடம் சொன்னாள்.

அடுத்த தொடர் தொடங்கியது. பணக்கார வீடு, கூடத்தில் செத்துப்போன மூத்த மனைவியின் படம் மாட்டியிருக்கும், இரண்டாம் மனைவி தினமும் அதன் முன்னால் விழுந்து அழுவாள். அந்தப் படத்துக்கு ஒரு முகம் வேண்டும். உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினால் விளங்குமா? யாரும் சம்மதிக்கவில்லை. துரதிர்ஷ்டம் போகச் சிவப்பு உறையில் பணம் தருவதாகச் சொன்னபோதும் நடிகைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. பெய்லான் மட்டும் கையைத் தூக்கினாள்.

"பைத்தியமா உனக்கு? உயிரோட இருக்கும்போதே ஊதுபத்தி வாங்கிக்கணுமா?" என்று அவளை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"தொடர் முடியற வரைக்கும் கூடத்துல என் மூஞ்சிதான் அண்ணே மாட்டியிருக்கும். அக்கா எத்தனை நாளைக்குத்தான் நான் இல்லன்னு சொல்லிக்கிட்டிருப்பாங்க?" என்றாள்.

நீலப் பட்டைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகக் கேமராவைப் பார்த்து நின்றாள். படம் எடுத்து முடிந்ததும், உடை போட்டது போட்டபடியே இருக்கிறதே என்று கோ இன்னொரு சின்ன துண்டுக் காட்சியும் எடுத்துக்கொண்டார். மூத்த மனைவி மனம் நொந்து கூடத்தைவிட்டுப் போகிறாள்; அதற்காக நிங் அம்மாள் ஒரே ஒரு தடவை அவளைப் பட்டோடு உட்கார விட்டாள். "அழாதீங்க, திரும்பாதீங்க, பேசாம எழுந்து போயிடுங்க" என்றார். பெய்லான் எழுந்து போனாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

தொடர் ஒளிபரப்பான அன்று சாயங்காலம் பெய்லான் குடியிருப்பில் பாதிப் பேரை வீட்டுக்கு அழைத்திருந்தாள். நடனக்காரிகள், காய்கறிக்காரி, நான் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். லாய்தி நடு நாற்காலியில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். திரையில் கூடம் வந்தது, ஊதுபத்திப் புகை வந்தது, புகைக்குப் பின்னால் படம் வந்தது.

படத்தில் இருந்தது யாரென்று எனக்கே தெரியவில்லை. படத்தைச் செப்பனிடும் பையன்கள் கண்ணைப் பெரிதாக்கி, தாடையைக் கூராக்கி, முப்பது வயதைத் துடைத்துவிட்டிருந்தார்கள். அதோடு நிறுத்தாமல், கோணலாக இருக்கிறது என்று நினைத்துத் தோளையும் நேராக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையன்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஜியாமின் சாடியைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். திரும்பி மனைவியைப் பார்த்தான். மறுபடி சாடியை எடுத்துக்கொண்டான்.

"யாரு இது? லட்சணமா இருக்கா" என்றாள் லாய்தி.

நடனக்காரி ஒருத்தி இருமினாள். பெய்லான் விதைத்தோல் கிடந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், எழுந்தாள், சமையலறைக்குப் போனாள். திரையில் அதே நேரம் பழைய நினைவு ஓடியது. நீலச் சியோங்சாமில் ஒரு பெண் எழுந்து கூடத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

லாய்தியின் வாயில் விதை அப்படியே நின்றது. சமையலறை வாசலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"இது பெய்லான்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நான் ஏதாவது சொல்லிட்டா இப்படித்தான் எந்திரிச்சுப் போவா. அழமாட்டா, திரும்பமாட்டா. முப்பது வருஷமா நான் பாக்கறது இந்த முதுகைத்தானே, எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. கையிலிருந்த விதைகளைத் தட்டில் போடத் தேடினாள், தட்டு இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை தொடர்களில் வந்ததெல்லாம் சந்தோஷமாகப் பாலம் கடந்த முதுகு. அதை இந்த வீட்டில் யார் பார்த்திருக்கிறார்கள், அடையாளம் தெரிவதற்கு?

லாய்தி எழுந்து சமையலறைக்குப் போனாள். வீடு சின்னது, எல்லாம் கேட்டது. முதலில் திட்டினாள். உயிரோடு இருக்கிறவள் செத்தவளாகப் படம் எடுத்துக்கொள்வதா, தோஷம் கழிய மூன்று தடவை துப்பு, மரத்தைத் தொடு என்றாள். பெய்லான் துப்பினாள், ஜன்னல் கட்டையைத் தொட்டாள். அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் இருந்த இடத்திலிருந்து இருவரும் தெரிந்தார்கள். ஒருத்தி கழுவிக்கொண்டிருந்தாள், மற்றவள் பின்னால் நின்றிருந்தாள்.

"தட்டை வை. இப்படித் திரும்பு" என்றாள் லாய்தி.

பெய்லான் திரும்பினாள். ஈரக் கையோடு நின்றாள். லாய்தி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"அந்தப் படத்துல உன்னை ரொம்ப அசிங்கமா எடுத்துட்டானுங்க" என்றாள்.