எஸ்தர் கலந்த ரெசின்

1. விரல்ல ஒட்டுச்சு

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு கம்பெனி திறந்த மறுநாள் காலையில, டெஸ்டிங்ல இருந்த பொண்ணு ஒரு கனெக்டரைக் கொண்டாந்து என் மேஜைமேல வச்சா. தொட்டுப் பாருங்கக்கான்னா. தொட்டேன். விரல்ல ஒட்டுச்சு. ராத்திரி முழுக்க இறுகி கல்லா இருக்க வேண்டிய சாமான், பலாப்பழம் அறுத்த கை மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு. நகத்தால அழுத்தினேன், பள்ளம் விழுந்துச்சு.

எங்க யூனிட் செங்கல்பட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்துச்சு. நான் அங்க லைன் சூப்பர்வைசர். தண்ணியிலேயே கிடக்கிற மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோற கனெக்டர் செய்வோம். ஒயரை உலோகப் பின்னோட ஈயத்தால சால்டர் பண்ணி, ஷெல்லுங்கிற கூட்டுக்குள்ள நிறுத்தி, மேல எபாக்ஸி ரெசின்ங்கிற பிசினை ஊத்தி மூடிடணும். இந்த வேலைக்கு பாட்டிங்னு பேரு. ரெசின் ஒரு டின்னு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஒரு டின்னு. தனித்தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சாது. சரியான அளவுல கலந்தா சூடேறி இறுகும், அப்புறம் சுத்தியலால தட்டினாலும் அசையாது. அளவு தப்பினா அவ்ளோதான். இட்லி மாவுல உளுந்து கூடக் குறைய விழுந்தா எப்படியாவது சமாளிச்சுடலாம். இதுல சமாளிப்புங்கிற பேச்சே கிடையாது.

அப்போ தொண்ணூறுகள். மாமல்லபுரத்துலேர்ந்து தெற்கே கடலோரமா இறால் பண்ணை நிறைய வந்துக்கிட்டிருந்த நேரம். சதுரங்கப்பட்டினம் பக்கத்துல பண்ணை வச்சிருந்த ஒருத்தர்தான் இந்த ஆர்டரைக் கொடுத்தார். குளத்துத் தண்ணியைக் கிளறி இறாலுக்குக் காத்து கொடுக்கிற மோட்டாருக்கு ஏரேட்டர்னு பேரு, அதுக்கான கனெக்டர். ஆர்டர் கொடுக்க வந்தப்பவே கறாரா சொல்லிட்டுப் போனார்: "மேடம், உங்க சாமான்ல சொட்டுத் தண்ணி எறங்குச்சுன்னா மோட்டார் நின்னுடும். மோட்டார் நின்னா விடியறதுக்குள்ள இறால் அத்தினியும் செத்து மெதக்கும். அப்பால என்னாண்ட வந்து இன்னா சொன்னாலும் வேலைக்காவாது."

கலவை போடுறது எஸ்தர். கருங்குழிப் பக்கம் காலனியிலேர்ந்து பஸ் ஏறி வருவா. அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவங்க கழனியில நடவுக்கும் அறுப்புக்கும் போறவங்க. மழை இருந்தா வேலை, இல்லாட்டி இல்லைன்னு ஓடுற குடும்பம். இவ எங்ககிட்ட தற்காலிகமா சேர்ந்தவ. அந்த மாசக் கடைசியில பெர்மனென்ட் ஆக வேண்டியது. எங்க வூட்ல நிரந்தர வேலைன்னு ஒண்ணைப் பார்க்கப்போறது நான்தாங்க்கா மொதல்னு என்கிட்ட ஒருநாள் சொன்னா. சொல்லும்போதே மூஞ்சி எப்படி மலர்ந்துச்சுங்கறீங்க!

2. ஆளாளுக்கு ஒரு காரணம்

ஸ்டோர் கீப்பர் ஏகாம்பரம் அண்ணன் மழைமேல பழி போட்டார். ஐப்பசி ஈரக்காத்து, இன்னா பண்றது, எல்லாம் நமுத்துப் போவுதுன்னார். சரின்னு ஓவன்ல கூடுதல் நேரம் வச்சுப் பார்த்தோம். சூடா ஒட்டுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேனேஜர் சேதுராமன் சார் படிச்சவர், பொறுமையானவரும்கூட. ஒட்டுதுன்னா ஹார்ட்னர் பத்தலைன்னுதான் அர்த்தம், இந்தப் பொண்ணு அளவைக் குறைச்சுப் போடுதுன்னார். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். அவரே பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு எஸ்தர் கையால ஹார்ட்னரைக் கூட்ட வச்சார்.

மறுநாள் எடுத்தா முன்னைவிட மோசம். தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு மெகர் மீட்டர் வச்சுப் பார்த்தோம். கரண்ட் கசியுதான்னு காட்டுற மீட்டர் அது. முள்ளு சரசரன்னு கீழே இறங்கிடுச்சு. ஒண்ணு கூடத் தேறலை.

சேதுராமன் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். "வசந்தா, அந்தப் பொண்ணு கைக்கு இந்த வேலை சரிப்படலை. மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம். கலவைக்கு வேற ஆளைப் போடுங்க."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. பூஜைக்கு முன்னாடி வரைக்கும் அந்தக் கைதானே சார் கலந்துச்சு, அப்போ ஒரு குத்தமும் இல்லையேன்னு கேட்டுட்டேன். அவரும் கோவிச்சுக்கலை. அப்போ வேற காரணத்தைக் கொண்டாங்க, இந்த வாரம் முடியுற வரைக்கும் பார்க்கலாம்னார். பண்ணைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரைச் சொல்லியும் குத்தமில்லை.

எஸ்தர்கிட்ட போனேன். எப்படிக் கலக்கறே, எதையாவது மாத்தினியா, டின்னு புதுசான்னு துருவித் துருவிக் கேட்டேன். எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டுறா. எனக்கு வந்த கோவத்துக்கு, வாயில என்ன கொழுக்கட்டையான்னு கத்திட்டேன். கண்ணு மட்டும் கலங்குச்சு.

3. மூணு கல்லு

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு யோசிச்சேன். ஹார்ட்னரைக் கூட்டினோம், மோசமாச்சு. அப்போ அது பத்தாம இல்லை, ஏற்கெனவே கூடத்தான் போயிருக்கு. ஹார்ட்னர் மிஞ்சினாலும் ரெசின் சரியா இறுகாது, பிசுக்குன்னுதான் நிக்கும். கரிக்கிற குழம்புல இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டிருக்கோம். பாதிச் சாப்பாட்டுலேயே எழுந்து போனேன்.

என் எதிர்லேயே ஒரு கலவை போடுன்னு எஸ்தர்கிட்ட சொன்னேன். இந்த ஆர்டருக்கு சின்னச் சின்னக் கலவைதான். அதுக்காகப் பூஜைக்கு முன்னாடிதான் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசும், பித்தளை எடைக்கல்லுப் பெட்டியும் வாங்கியிருந்தோம். ரெண்டு தட்டுலேயும் ஒரே மாதிரி காலிக் கப்பை வச்சா. முள்ளு நடுவுல நின்னுச்சு. தராசு சரி. ரெசினுக்கு நூறு கிராம் கல்லை வச்சு எடை போட்டா. அதுவும் சரி. ஹார்ட்னருக்கு எட்டு கிராம் வேணும். அஞ்சு, ரெண்டு, ஒண்ணுன்னு மூணு கல்லை எடுத்து வச்சா.

மூணு கல்லுமேலேயும் சந்தனம், நடுவுல குங்குமம்.

அதை நான் அந்த வாரம் பூரா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஓவனுக்குப் பொட்டு, வாக்குவம் பம்புக்குப் பொட்டு, என் மேஜை டிராயருக்குப் பொட்டு, மணல் வாளிக்குக் கூடப் பொட்டு. ஏகாம்பரம் அண்ணன் கைவரிசை. வருஷா வருஷம் பார்த்துக் கண்ணு பழகிப்போச்சு. புதுசா வந்த சாமானாச்சேன்னு எடைக்கல்லுக்குத் தனி மரியாதையே பண்ணியிருந்தார். ஒரு கிராம் கல்லுமேல அப்பியிருந்த சந்தனம் கல்லு உசரத்துக்கு இருந்துச்சு.

அவளைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, ஒரு தட்டுல பத்து கிராம் கல்லை வச்சேன். மறு தட்டுல அஞ்சு, ரெண்டு, இன்னொரு ரெண்டு, ஒண்ணு. கூட்டினா பத்து. சமமா நிக்கணும். சின்னக் கல்லுங்க இருந்த தட்டு பொசுக்குன்னு கீழே போச்சு. நூறு கிராம்ல ஒரு பொட்டு எடை எங்கே தெரியப்போவுது? எட்டு கிராம்ல மூணு பொட்டுன்னா, அந்தக் கனத்துக்கு ஹார்ட்னர் கூட விழுந்து கலவையையே கெடுத்துடுச்சு.

"ஏண்டி, தினமும் கையில எடுக்கிறவ நீதானே. துடைக்கணும்னு தோணலையா உனக்கு?"

"மொதல் நாளே தோணுச்சுக்கா." தராசைப் பார்த்துக்கிட்டே சொன்னா. "நான் துடைச்சேன்னா, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு சாமி பொட்டை அழிச்சுட்டான்னு பேச்சு வரும். காலனிப் பொண்ணுன்னும் சேர்த்துச் சொல்லுவாங்க. அந்தப் பேச்சு எங்க போய் முடியும்னு உங்களுக்குத் தெரியாதுக்கா. வேலை போனா போவட்டும், அது வேணாம்னு இருந்துட்டேன்."

நான் திருக்கழுக்குன்றத்துக்காரி, கோயில் தெருவுல பொறந்து வளந்தவ. அந்தப் பொட்டை நான் முந்தானையால துடைச்சுட்டுப் போயிருந்தா ஒருத்தரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அதே பொட்டு இவளுக்கு எவ்வளவு பெரிய பயம்!

4. ஈரத்துணி

ஏகாம்பரம் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். பிள்ளையாரைச் சுத்தாம காபி குடிக்காத மனுஷன். குதிக்கப்போறார்னுதான் நினைச்சேன். தராசுல வச்சுக் காட்டினேன், எஸ்தர் சொன்னதையும் மறைக்காம சொன்னேன். லைன்ல இருந்த பொண்ணுங்க எல்லாம் கையில இருந்ததைப் போட்டுட்டு வந்து நின்னுட்டாங்க.

அவர் அந்தக் குட்டிக் கல்லுங்களை உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எஸ்தரைப் பார்த்தார்.

"ஏம்மா, என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்ண்ணே."

அவர் இல்லைன்னு சொல்லலை. "கோவிச்சுக்கினுதாம்மா இருப்பேன்"னார்.

போய் ஒரு துணியை நனைச்சுப் பிழிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தார். ஒரு கல்லை அவரே துடைச்சு பெட்டியில வச்சார். அடுத்த கல்லுக்கு முன்னாடி நின்னு, துணியை எஸ்தர் கையில கொடுத்தார். "மீதியை நீ தொடை. இவங்க அத்தினி பேரும் பார்க்கட்டும். இதுக்கப்பறம் எவனாச்சும் எதனா பேசினா என்னாண்ட அனுப்பு."

எஸ்தர் சுத்தி நின்னவங்களை ஒரு தடவை பார்த்துட்டுத் துடைச்சா. அவர் நேரா மேனேஜர் ரூமுக்குப் போய், பொட்டு வச்சது நான்தான் சார், பொண்ணுமேல தப்பில்லைன்னு சொல்லிட்டு வந்தார். யாரும் போகச் சொல்லலை, அவராத்தான் போனார். அந்த மனுஷன்மேல எனக்கிருந்த மரியாதை அன்னைக்கு ரெண்டு மடங்காச்சு.

அடுத்த நாள் காலையில ஓவனைத் திறந்து, ஒரு கனெக்டரை எடுத்து மேஜைமேல போட்டேன். டங்குன்னுச்சு. நகம் இறங்கலை. தண்ணியில ஊறவச்சு மெகர் வச்சோம், முள்ளு கீழே இறங்கவேயில்லை. சேதுராமன் சார் வந்து பார்த்தார். கை சரியில்லைன்னு சொல்லிட்டேன்மா, மனசுல வச்சுக்காதேன்னு எஸ்தர்கிட்டயே நேரா சொன்னார். மாசக் கடைசியில அவ பெர்மனென்ட் ஆனா. பண்ணைக்காரர் அடுத்த ஆர்டரையும் எங்களுக்கே கொடுத்தார்.

புதுசா சூப்பர்வைசர் ஆகுற பிள்ளைங்க என்கிட்ட யோசனை கேட்டா, ரெசின் விகிதம், ஓவன் சூடு எல்லாம் சொல்லுவேன். அதெல்லாம் டின்னு மேலேயே எழுதியிருக்கும். எழுதாதது ஒண்ணு இருக்கு. உங்க லைன்ல ஒருத்தர் வாயே திறக்கலைன்னா, தெரியாமத்தான் நிக்கிறாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. எதுக்குப் பயப்படுறாங்கன்னு பக்கத்துல உக்காந்து கேளுங்க. கத்தினா வராது. நான் கத்திப் பார்த்தவ.

அதுக்கடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கும் ஏகாம்பரம் அண்ணன் எடைக்கல்லு அத்தனைக்கும் பொட்டு வச்சார். அது அவர் பழக்கம், விட முடியாது. லீவு முடிஞ்சு திறந்த அன்னைக்கு எஸ்தர் உள்ளே வந்தா, பையை மாட்டினா, துணியை நனைச்சு எல்லாக் கல்லையும் துடைச்சா, கலவையை ஆரம்பிச்சா. யாரு பார்க்கறாங்கன்னு ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கலை.