உப்புப் பிடித்தவள்

படகுகள் கிளம்பும்போது டொமித்திலா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொள்வாள். மீன் அரியும் பெண்கள் நாங்கள் எல்லோரும் அலையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அவள் பலகை மட்டும் சுவரைப் பார்த்துக் கிடக்கும்.

"நீ பாத்தா கடல் வத்திடுமாடி?" என்று கேட்பேன்.

"எதுக்குக்கா வம்பு? நான் திரும்பலன்னா எல்லாருக்கும் நிம்மதி," என்பாள், கத்தியை நிறுத்தாமல்.

அவள் கல்யாணமாகி வந்த வருடம் கடல் சூடேறிப் பெருவின் வடகரை முழுக்க மீன் இல்லாமல் போனது. படகு முதலாளி எவாரிஸ்தோவின் கண்ணுக்கோ, வலையைத் தாண்டிப் போன புதுப்பெண்தான் பட்டாள். "சலாதா" என்றார். உப்புப் பிடித்தவள், ராசி கெட்டவள். கடலில் குளித்து, மீனுக்கு உப்பிட்டு, உப்பாலேயே வயிறு வளர்க்கும் ஊரில் இவள் ஒருத்திதான் உப்பாகிப்போனாளாம்.

எவாரிஸ்தோ மேல் எனக்குள்ள கோபம் சில நாள் இவள் மேலும் பாயும். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்த பெண் இவள். இப்போது சந்து திரும்புமுன் இருமுகிறாள், ஆண்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சூப் காய்ச்சி எடுத்துப்போய் வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறாள். உள்ளே வா என்று ஒருத்தியும் கூப்பிடுவதில்லை. சூப்பை மட்டும் வழித்துக் குடிக்கிறார்கள்.

நேற்று அவள் மகன் வில்மருக்கு முதல் கடல். அதுவும் எவாரிஸ்தோவின் படகில். தாய் நெற்றியில் சிலுவை போடாமல் இங்கே எந்தப் பிள்ளையும் படகேறுவதில்லை. அவள் முன் வந்து குனிந்து நின்றான். அவள் கைகளை முன்துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட போட்டுக்கடா. அவங்க கை நல்ல கை," என்று என்னைக் காட்டினாள்.

"எனக்கு அம்மா நீதான். போடு. இல்லன்னா நான் ஏறல."

"போச்சுடா, இன்னிக்கு வெறும் வலைதான்," என்றார் எவாரிஸ்தோ படகிலிருந்து. ஆட்கள் சிரித்தார்கள். கையிலிருந்த மீன் தலையை அவர் மேல் வீசினேன். பாழாய்ப்போனது படகின் விளிம்பில் பட்டு விழுந்தது.

டொமித்திலா கையை வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்தாள். மகனின் நெற்றியில் மெதுவாகச் சிலுவை வரைந்தாள். அவன் முகம் மலர்ந்தது. படகை நோக்கித் திரும்பியவனைத் தோளைப் பிடித்து நிறுத்தி, பாவாடை நுனியால் அந்த நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டாள்.