வெல்டர் போட்ட டீ

நெருப்பை நம்பிப் பிழைக்கிறவர் வெல்டர். இரும்பே வழிக்கு வரும்போது இலை எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் தானே வளர்த்த புதினாவையும் எலுமிச்சைப் புல்லையும் கற்பூரவல்லியையும் பறித்து வந்து, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுவார். வருவதை டீ என்று அவர் சொல்லிக்கொள்வார். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கஷாய மாமா.

இவ்வளவு பாடுபடுவதும் மனைவிக்காகத்தான். பள்ளிக்கூட டீச்சர், வகுப்பில் கத்திக் கத்தி அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். டீச்சர் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்பார். சொல்லும்போது முகம் மட்டும் சுவரைப் பார்க்கும். வெல்டருக்குத் தெரியாதா என்ன? பாசத்துக்காகக் குடிக்கிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு மனசு ஆறவில்லை. ஒரே ஒரு தரம் ருசித்துக் குடித்துவிட மாட்டாளா?

இன்றைக்கும் சுவரைப் பார்த்தால் செடி வளர்ப்பதையே விட்டுவிடுவது என்று ஒரு விடுமுறை நாளில் முடிவு கட்டினார். பக்கத்து வீட்டு அக்காவிடம், "சாயங்காலம் வாங்கக்கா, அநேகமா செடியெல்லாம் உங்களுக்குத்தான்," என்றும் சொல்லிவைத்தார்.

தண்ணீர் கொதித்து இலையைப் போட்டதும் அடுப்பு அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட்டு வேறு சிலிண்டரைத் தூக்கி வரப் போனார். அதை மாட்டி, கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்து நிமிர்வதற்குள், டீச்சர் தானே வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அது வேகவே இல்ல. கொடு இப்படி, கொதிக்க வச்சுத் தரேன்."

"சும்மா இருங்க."

கட்டின தொண்டையில் அதட்டல்கூடக் கீச்சென்றுதான் வந்தது. அடி தெரியும் அந்த வெளிர் பச்சைத் தண்ணீரை வாய் வாயாக ரசித்துக் குடித்தார். பார்வை டம்ளரை விட்டு நகரவில்லை. பிறகு பாத்திரத்தில் மிச்சமிருந்த வெல்டரின் பங்கையும் ஊற்றிக்கொண்டார். வெல்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா நான் போட்டது?"

"அதெல்லாம் நீங்க போட்டீங்கன்னு குடிச்சேன்."

வாசலில் அக்கா வந்து நின்றாள். "செடி எடுக்க வந்தேன் தம்பி."

டீச்சருக்கு விஷயமே அப்போதுதான் தெரிந்தது. கணவரை ஒரு முறை முறைத்தார்.

"செடியாவது ஒண்ணாவது. உள்ள வாங்கக்கா, ஒரு வாய் டீ குடிங்க. ஏங்க, போடுங்க."

வெல்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தார், இலையைப் போட்டார், அடுப்பை அணைத்து மூடி வைத்தார். பழக்க தோஷம், கை மட்டும் மறுபடி அடுப்பைத் தேடிப் போனது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.