அளவு எடுக்காமல் தைத்த அங்கி

ஒரு நாளைக்கு அதிகத் தடவை மன்னிப்புக் கேட்கிற தொழில் எது என்று யாராவது போட்டி வைத்தால், முதல் பரிசு தையல்காரனுக்குத்தான். அக்கரப்பத்தனையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் சிலுவை போட்டுக்கொள்வேன், உடனே யாரிடமாவது மன்னிப்புக் கேட்பேன். வாடிக்கையாளர்களிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற என் சக தொழிலாளிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கேட்பதற்கு இவ்வளவு பழகிய நான், கொடுப்பதற்குப் பழகவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

திட்ட நேரமில்லை

லெச்சுமி அக்கா தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். கோயில் தேருக்குப் போட ஒரு ரவிக்கை கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே கடைக்கு வந்து நின்றார். ரவிக்கை இன்னும் வெட்டாத துணியாகத்தான் கிடந்தது.

நான் வழக்கம்போல எழுந்து நின்று, மெஷின் பழுது, கரண்ட் இல்லை, உடம்பு சரியில்லை என்று கையில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். வாயைத் திறக்கப் போகிற நேரம் வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. "டெய்லரே, நல்லா திட்டணும்னுதான் வந்தேன். டயகம பஸ் வந்துருச்சு, நேரமில்ல. மன்னிச்சுட்டேன், நாளைக்குத் தச்சு வைங்க."

எதிர்க்கடை

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். என் கடையில் இரண்டு மெஷின். ஒன்றில் நான், மற்றதில் ஆரோக்கியம். எட்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தோம். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்திருக்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ரவிக்கையும் சட்டையும் கூரை முட்டக் குவிந்து கிடக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். அடுத்த நாள் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கடை, புது போர்டு, உள்ளே ஆரோக்கியம்.

அதையாவது பொறுத்திருப்பேன். அந்தத் தீபாவளிக்கு நான் பட்ட பாடும் வாங்கிய ஏச்சும் கொஞ்சமில்லை. எல்லாம் முடிந்து மூச்சு விடுகிற நேரம், ஒரு டீச்சர் துணியைத் திருப்பி வாங்க வந்தார். ஏனம்மா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, தையல் கோணலா ஓடுதுன்னு ஆரோக்கியம் சொன்னாருங்க."

வலது பக்கத்துப் பொக்கட்

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி வாங்கவும் இல்லை. போட்டால் அவன் சொன்னது உண்மையாகிவிடுமே! ஊசியில் நூல் கோர்க்க வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றாலும் நிற்பேன், அவன் பேச்சை மெய்யாக்க மாட்டேன்.

இரும்புக் கடை ஹாஜியார் பெருநாளைக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பேனாவைச் செருகப் போனவர் இடது பக்கம் தடவினார், காணோம். பொக்கட் வலது பக்கம் இருந்தது. நான் வழக்கம்போல எழுந்து நின்றேன். அவர் என்னையும் பொக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒங்கள மன்னிச்சிட்டேன் டெய்லர். பொக்கட்டத்தான் மன்னிக்க ஏலாது, கழட்டித் தைங்க."

அந்த வரியில் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற வரி வந்தால் எனக்கு இருமல் வந்துவிடும். ஆரோக்கியம் இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருப்பான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் நான் முன்னால், பின்னால், வலது பக்கம் எல்லாரையும் கும்பிடுவேன். இடது பக்கம் கழுத்து திரும்பாது.

இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். பீடத்துக்கு விரிக்கும் துணியைத் தைக்கக் கொடுக்க ஒரு நாள் எங்கள் கோயில் ஃபாதர் கடைக்கு வந்தார். துணியைக் கொடுத்தார், ஓரம் எப்படி மடிக்க வேண்டும் என்று சொன்னார், படி இறங்கினார். இறங்கியவர் திரும்பி, "அந்த ஒரு வரியில மட்டும் வர்ற இருமலுக்கு மருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவது ஆள்

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று, இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, எங்கள் கோயிலில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்து ஃபாதர் பாதம் கழுவுவார். இந்த வருடம் பன்னிரண்டு பேருக்கும் புது வெள்ளை அங்கி, தைக்கிற பொறுப்பு எனக்கு. பெயர்ப் பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தேன். கடைசிப் பெயர் ஆரோக்கியம். இது ஃபாதருடைய வேலை என்று அப்போதே தெரிந்தது.

பதினொரு பேர் வந்து அளவு கொடுத்துப் போனார்கள். ஆரோக்கியமும் வந்தான். வாசலில் நின்று, "அண்ணே, அளவு" என்றான். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை. நான் மெஷினை விட்டுத் தலை நிமிராமல், "எட்டு வருசம் பாத்த ஒடம்புதானே, தெரியும்" என்றேன். அவன் போய்விட்டான். நானும் ஞாபகத்திலிருந்தே வெட்டினேன், மார்பு முப்பத்தெட்டு. எந்தத் தையல்காரனும் செய்யக்கூடாத வேலை அது.

வியாழன் சாயந்தரம் எல்லாரும் அங்கி போட்டுப் பார்க்க வந்தார்கள். ஆரோக்கியம் கடைசியாக வந்து போட்டான். அங்கி தோளிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளே ஆளே இல்லை! கன்னம் ஒட்டிப்போய், கழுத்து எலும்பு தெரிந்தது. "என்னடா ஆச்சு?" என்று என்னை அறியாமலேயே கேட்டுவிட்டேன். "சீனி வருத்தம்ணே, ரத்தத்துல சீனி கூடிப்போச்சு. ஒரு வருசமாச்சு. இப்ப மருந்துல கட்டுப்பாடா இருக்கு" என்றான். தினமும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான். ஒரு வருடமாக அவனை நான் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் நான் கோபித்துக்கொண்டிருந்தது முப்பத்தெட்டு மார்பளவு ஆரோக்கியத்தோடு.

பூசைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. வேறு வழியில்லை, டேப்பை எடுத்தேன். மார்பளவு எடுக்க எட்ட நின்றால் முடியாது, முதுகைச் சுற்றிக் கை போட வேண்டும். போட்டேன். டேப்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து இலக்கத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. அவன் குனிந்து தலைகீழாகவே படித்தான். "முப்பத்திநாலுண்ணே."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "தீவாளி வாரத்துல ஒங்கள விட்டுட்டுப் போனது தப்புண்ணே. சொன்னா போக விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன். கண்ணு கதையையும் வெளியில பேசியிருக்கக் கூடாது." அவன் கேட்டால் சொல்வதற்கென்று மூன்று வருடமாக எத்தனையோ பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். டேப்போடு அப்படியே அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சுட்டேண்டா, மனசார மன்னிச்சுட்டேன். நானும் ஒன்னையப் பத்தி இந்த டவுன் முழுக்கப் பேசியிருக்கேன். நீயும் என்னை மன்னிச்சுரு" என்றேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவனும் அழுதான். வாசலில் அங்கியோடு நின்ற பதினொரு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தைக்க வேண்டும். நான் கேட்காமலேயே அவன் தன் பழைய மெஷினின் உறையைத் தூக்கி, ஒரு பக்கத்தைத் தைத்தான். மறு பக்கத்தை நான் தைத்தேன். போட்டுப் பார்த்தவன், என் பக்கத்துத் தையலை விரலால் தடவினான். "அண்ணே, இப்பத்தான் சமாதானமானோம், சொன்னா கோவிக்கக் கூடாது. ஒங்க பக்கம் கோணலாத்தான் இருக்கு."

முழு மனதோடு மன்னிப்பது பெரிய பாடு என்று பயந்து மூன்று வருடம் தள்ளிப்போட்டவன் சொல்கிறேன், அது ஒரு அங்கியைப் பிடித்துத் தைக்கிற நேரம்கூட எடுக்கவில்லை, மறு வாரம் ஹட்டனுக்குப் போய் வாங்கிய கண்ணாடியை மூக்கில் நிற்க வைக்கத்தான் இன்னும் மூன்று வருடம் ஆகும் போலிருக்கிறது.