ரோஷன் பேகத்தின் நம்பர்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், என் தையல் கடைக்கு அடுத்த கடை ரோஷன் பேகத்தின் கம்ப்யூட்டர் சென்டர். குவைத்தில் இருக்கும் புருஷன் பணம் அனுப்பி வைத்துக் கொடுத்தது. பொம்பளை நடத்துகிற கடை என்பதால் பொம்பளைப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் வருவார்கள். பாதிப் பேருக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. வீட்டுப் போன் அப்பன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கும். அதனால் செல் நம்பர் கேட்கிற கட்டத்தில் ரோஷன் தன் நம்பரையே போட்டுவிடுவாள். ஏதாவது சேதி வந்தால் ஆள் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

"ஊருக்கெல்லாம் நீதான் போனா?" என்று நான் கடிந்துகொண்டால் சிரிப்பாள். சரியான கிறுக்கச்சி.

அன்று ஒரு நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள்.

காலையில் அழகி என்று ஒரு பெண் தனியாக வந்தாள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினால், மேலே சிவப்பாக ஒரு வரி: 'தவறான விவரம். மீண்டும் முயலவும்.' எது தவறு என்று கிடையாது. நிரப்பியதையெல்லாம் துடைத்தும் போட்டுவிட்டது. தப்பு எங்கே என்று சொன்னால் அதற்கு வாயா வலிக்கும்? ரோஷன் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து அலுத்துப்போய், "மார்க் பத்தலையோ என்னமோ, தெரியலையேம்மா" என்றாள். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் பொன்னுத்தாய் தன் மகள் அருணாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அதே சிவப்பு வரி. முன்னால் இருந்த இனிஷியலைப் பின்னால் போட்டார்கள். தெருப் பெயரைச் சுருக்கினார்கள். போட்டோவைச் சின்னதாக்கினார்கள். ம்ஹூம். வேடிக்கை பார்க்கப் போன எனக்கே தலை சுற்றியது. பொன்னுத்தாய் மகளை முறைத்தாள்.

"எதையாச்சும் மறைக்கிறியாடி? நெசமாவே பாஸாயிட்டியா?"

"மார்க்‌ஷீட்டு ஒன் கையிலதான ஆத்தா இருக்கு!" அருணா அழுதேவிட்டாள்.

மணி நாலரை தாண்டியது. கடைசியில் ரோஷன் ஒவ்வொரு கட்டமாகச் சத்தம் போட்டு வாசித்தாள். அருணா தன் காகிதங்களோடு ஒத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க நம்பர் இல்லையே."

"எம் நம்பருதான்டி. எல்லாருக்கும் அதைத்தான..." ரோஷன் பாதியில் நிறுத்தினாள். "யா அல்லா! போன வாரம் ஷிஃபான்னு ஒரு புள்ளைக்கு இதே காலேஜுக்கு எம் நம்பரைத்தான போட்டேன். ஒரு நம்பருக்கு ஒரு ஆளைத்தான் எடுக்குமோ?"

"அதைச் சொல்லித் தொலைச்சா என்னவாம் அதுக்கு?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திவிட்டு, அருணா வீட்டுப் போன் அவள் அப்பன் கையில் இருந்ததால் என் நம்பரைச் சொன்னேன்.

விண்ணப்பம் போய்விட்டது. என் போனுக்குச் சேதியும் வந்தது. பொன்னுத்தாய் மகளைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா மேல கோவிச்சுக்காத தாயி" என்றாள். எனக்கும் கண் கலங்கியது.

ரோஷன் மட்டும் முகம் செத்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையில வந்த புள்ளைக்கும் இதுதான அக்கா? மார்க் பத்தலைன்னு சொல்லி அனுப்பிட்டேனே!"

"இன்னும் நேரம் இருக்குடி. போனைப் போட்டு அவகிட்டயே எல்லாத்தையும் கேட்டு நெரப்பு. எந்திரி."

ரோஷன் அவசரமாகப் போனை எடுத்தாள்.

"எந்த ஊருன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"மீமிசலா, கட்டுமாவடியா, ஒண்ணும் நெனவில்லையே. அடிச்சதையெல்லாம் அதுதான் தொடச்சிருச்சே."

"சரி, நம்பராச்சும் நெனவிருக்கா?"

அவள் கையில் இருந்த போனையே பார்த்தாள்.

"அவளுக்கும் எம் நம்பரைத்தான் போட்டேன் அக்கா."