முடியாது என்று சொல்லும் வகுப்பு

எங்கள் தையல் ஆலையில் அவளை ஸ்பீக்கர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெஷின்கள் அத்தனையும் ஒன்றாக ஓடும்போதும் மூன்றாவது லைனிலிருந்து அவள் போடும் சத்தம் நான் துணி வெட்டும் மேஜை வரை கேட்கும். பல வருஷமாகத் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவளை அந்தக் குரலுக்காகவே மேனேஜர் ஒருநாள் எழுப்பிக்கொண்டு போனார். எங்களிடம் சட்டை வாங்கும் பெரிய கம்பெனி, இளம் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டதாம். வெளியே ஆள் பிடித்தால் செலவு.

"உனக்குத்தான் வாய் காது வரைக்கும் இருக்கே, நீயே நடத்து" என்றார்.

அவர் ஒப்புக்குச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். ஸ்டோர் ரூமில் நூல் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்பு ஆரம்பித்தாள். பெயரைக் கேட்டாலே சட்டை நுனியைத் திருகும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். "தலையைத் தூக்கு. கண்ணைப் பார்த்துப் பேசு. கூச்சம்தான் உனக்கு முதல் எதிரி" என்று அவள் உள்ளே சொல்வது வெளியே லாரியில் சரக்கு ஏற்றுபவனுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வகுப்பில் தேறியவர்களில் முதல் ஆள் பூனை. பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது, அதனால் அந்தப் பெயர். அவளைத் தனியாக நிறுத்திவைத்து, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கத்தச் சொல்வாள் அக்கா. அந்தப் பூனை மூன்றாவது லைனுக்கே சூப்பர்வைசர் ஆனபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பொண்ணு பாஸானப்பகூட நீ இப்படிக் குதிக்கல" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தாராம்.

அப்புறம் ஒரு மத்தியானம் அது நடந்தது.

எங்கள் ஆலையில் கழிவறைக்குப் போக டோக்கன் வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை. அது சூப்பர்வைசர் கழுத்தில் தொங்கும். பட்டன் துளை தைக்கும் காஜா மெஷினில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எழுந்து போய்ப் பூனையிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். பூனை இடுப்பில் கை வைத்தாள்.

"முணுமுணுக்காதே. நிமிர்ந்து நில்லு. என் கண்ணைப் பார்த்து, எதுக்குப் போகணும்னு சத்தமா சொல்லு."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். மெக்கானிக்குகள் இரண்டு பேர் பக்கத்து மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ப்ளீஸ்..."

"கூச்சம்தான் உனக்கு முதல் எதிரி. சொல்லு!"

சொன்னாள். மாதவிலக்கு என்று, லைன் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள். மெக்கானிக் ஒருவன் சிரித்தான்.

கதவருகில் வந்துகொண்டிருந்த ஸ்பீக்கர் அக்கா அத்தனையும் கேட்டுவிட்டாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தன் வாயிலிருந்து போன வார்த்தைகள் இன்னொரு வாய் வழியாக அந்தப் பெண்ணின் கன்னத்தில் அறைந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். விறுவிறுவென்று வந்து பூனையின் கழுத்திலிருந்த டோக்கனைக் கயிற்றோடு பிடுங்கி அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள். சிரித்தவனைப் பார்த்து, "அந்த ஸ்பேனரை உன் பல்லுல வைக்கட்டுமா?" என்று கேட்டாள். பூனையை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதுக்காடி உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்? நீயும் அங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னவதானே?"

பூனை அழுவாள் என்று நினைத்தோம். அவள் திருப்பிக் கத்தினாள்.

"போன வாரம் டார்கெட் குறைஞ்சதுக்கு மேனேஜர் என்னை ஸ்டூல் மேல ஏறி நிக்க வெச்சாரு. இந்த லைனே பாத்துச்சு. அன்னிக்கு நீங்க சொல்லிக்கொடுத்தது எதுக்குக்கா உதவுச்சு? கீழ இருக்கவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு சொன்னீங்க. மேல இருக்கவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

ஸ்பீக்கருக்குக் கரண்ட் போனதை முதல்முறையாக அன்றுதான் பார்த்தோம்.

மறுநாள் அந்தக் காஜா பெண் வேலைக்கு வரவில்லை. அக்கா அவள் தங்கியிருந்த அறைக்கே தேடிப் போனாள். கூடத் தங்கியிருந்தவள்தான் கதவைத் திறந்தாள். "ஊருக்குப் போயிட்டாக்கா. துவைச்ச துணிகூட ஈரத்தோட அப்படியே கிடக்கு." அக்கா கொடியில் தொங்கிய அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை.

அடுத்த வகுப்பில் அக்கா பழைய பாடம் எதையும் எடுக்கவில்லை. மேனேஜர் மாதிரி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"நான்தான் மேனேஜர். இன்னிக்கு ரெண்டு மணி நேரம் கூடுதலா உட்காரணும்ங்கறேன். உங்களால முடியாது. சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்து, "முடியாது சார், மன்னிச்சிடுங்க" என்றாள்.

"சாரை வெச்சுக்கோ. மன்னிப்பைத் தூக்கி வெளிய போடு. நீ என்னடி தப்பு பண்ணே? மறுபடி சொல்லு."

மறுபடி, மறுபடி. நாங்கள் வேலை முடிந்து கிளம்பும்போதும் ஸ்டோர் ரூமிலிருந்து "முடியாது சார்" என்று குரல்கள் வந்துகொண்டே இருக்கும். பூனை கடைசி வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருப்பாள். வாயே திறக்க மாட்டாள்.

அவள் வாய் திறந்தது மாதக் கடைசியில், மேனேஜர் மறுபடி ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு "ஏறு" என்றபோது.

"ஏற மாட்டேன் சார். டார்கெட்டைப் பத்திக் கீழ நின்னே பேசலாம்."

"என்ன சொன்னே?"

பூனைக்குப் பின்னால் ஒரு மெஷின் நின்றது. அதற்குப் பக்கத்து மெஷினும் நின்றது. அப்புறம் லைன் முழுக்க ஓய்ந்தது. டீ கொண்டுவரும் கிழவர்கூடத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு நின்றார். அத்தனை பேரும் மேனேஜரையே பார்த்தார்கள், கண்ணைப் பார்த்து. அவர் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த வாரமே கழிவறை டோக்கனும் காணாமல் போனது. யாரும் உத்தரவு போட்டதாகச் சொல்லவில்லை.

ஸ்பீக்கர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார் மேனேஜர்.

"லீடர்ஷிப் சொல்லிக்கொடுன்னா சண்டை போடக் கத்துக்கொடுத்திருக்கே."

"நீங்க ஸ்டூல் போட்டீங்க சார். நான் ஏறாம இருக்கச் சொல்லிக்கொடுத்தேன்."

வகுப்பை மூடிவிட்டார். வேலையை விட்டு அனுப்பினால் லைன் மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில், பழைய ஓவர்லாக் மெஷினிலேயே உட்காரச் சொன்னார். அவமானப்பட்டுத் தானாகவே ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பார். அவள் மறுநாள் காலையில் வந்து, மெஷினில் படிந்திருந்த பஞ்சை ஊதிவிட்டு, பூனையின் லைனில் பூனைக்குக் கீழே வேலையை ஆரம்பித்தாள்.

கோபம் மட்டும் தணியவில்லை. யாராவது "சாதிச்சுட்டீங்கக்கா" என்று சொல்ல வந்தால், "ஒரு பொண்ணு ஈரத்துணியை விட்டுட்டு ஓடியிருக்கா, இதுல என்னடி சாதனை?" என்று எரிந்து விழுவாள்.

பூனையும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. போன வாரம்கூடக் காலர் தைக்கிறவளைப் பார்த்து எட்ட நின்றே கத்தினாள். அந்தச் சின்னப் பெண் ஊசியைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, கத்தாதீங்க. பக்கத்துல வந்து சொல்லுங்க, திருத்தறேன்."

பூனை ஒரு நொடி ஸ்பீக்கர் அக்கா பக்கம் பார்த்தாள். அக்கா தலையைத் தூக்கவில்லை. துணியை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டே, "காது கேக்குதுல்ல? போ, பக்கத்துல போய்ச் சொல்லு" என்றாள்.

பூனை போனாள்.