ஆபரேஷனுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

முப்பத்தாறு வயதில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாள் மதியம் வரை ரத்தம் நிற்கவில்லை. செண்டாயானில் உள்ள தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கழிவறைக்குப் போய்ப் போய்ப் பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பல் மருத்துவரிடமே திரும்பிப் போனேன். அவர் வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும்?"

பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கூச்சமாக இருந்தது. பத்து நாள் என்றேன். அவர் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

இரண்டு முறை ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகு சொன்னார்கள். ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்று எனக்குப் பிறவியிலேயே குறைவு. வான் வில்லிபிராண்ட் நோய் என்று அதற்குப் பெயர். பரம்பரையாக வருவதாம். "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டர் கேட்டதுமே எனக்குச் சின்னம்மா ஞாபகம்தான் வந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கெமாஸ் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். கறை தெரியக்கூடாது என்று எப்போதும் கறுப்புக் கைலிதான் கட்டுவார். இரண்டு பிரசவத்திலும் அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். உடம்புச் சூடு என்று சொல்லியே எல்லோரும் விட்டுவிட்டோம்.

அன்றே போன் செய்தேன்.

"அடுத்த வாரம் கர்ப்பப்பைய எடுக்கப் போறாங்க," என்றார் சந்தோஷமாக. "அப்புறம் தொல்லையே இல்ல."

"சின்னம்மா, கத்தி வைக்கிறதுக்கு முன்ன ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

"எல்லாம் எடுத்தாச்சு. நார்மல்னுதான் சொன்னாங்க."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. சாதாரண டெஸ்ட்ல இது தெரியாது."

"இந்தத் தேதிக்கு எத்தன மாசம் காத்திருந்தேன் தெரியுமா? இது போச்சுன்னா, வீட்டுல ஒழுகுற ரத்தத்த நீ வந்து தொடைப்பியா?"

"தொடைக்கிறேன்."

போனை வைத்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்திய சோதனை நாளன்று லீவு போட்டுவிட்டு, மம்பாவில் என் வீட்டிலிருந்து விடிந்ததும் காரில் சின்னம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் காரில் ஏறினார். மருத்துவமனையில் நர்ஸ், நோயாளி மட்டும் உள்ளே போகலாம் என்றார். நான் கதவருகிலேயே நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தபோது என் ரிப்போர்ட்டை நீட்டி, மலாய் மொழியில் ஒரே மூச்சில் சொன்னேன்: "இது என்னுடையது. இவர் என் அம்மாவின் தங்கை. இரண்டு பிரசவத்திலும் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்."

என்னைவிட இளையவர் அந்த டாக்டர். நின்றபடியே படித்தார். பிறகு சின்னம்மாவிடம், "நல்லவேளை, இவர் சொன்னார். ஆபரேஷனைத் தள்ளிவைப்போம்," என்றார்.

அந்தச் சோதனைக்கு அன்றே சின்னம்மாவிடம் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வர வாரங்கள் ஆயின. அவருக்கும் அதே நோய். என்னைவிடக் கொஞ்சம் கடுமையாக. விலக்கு நாள்களில் மட்டும் போட ரத்தம் கட்டுப்படும் மாத்திரை கொடுத்தார்கள். எப்போதாவது ஆபரேஷன் தேவைப்பட்டால், ரத்தம் உறையும் ஊசியை முதலில் போட்டுவிட்டுத்தான் தொடுவார்களாம். மூன்றாம் மாதமே ரத்தப்போக்கு பாதியாகக் குறைந்தது. கர்ப்பப்பையை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

சின்னம்மா மகிழ்வார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"கல்யாண வீட்டுல கூட நாற்காலியில உக்கார மாட்டேன்," என்றார். "முப்பது வருஷமா எங்கிட்டதான் ஏதோ அசிங்கம்னு நெனச்சேன். இது ஒரு சீக்குன்னு ஒருத்தருமே சொல்லலியே."

அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் மக மாசமா இருக்கால்ல?" என்று கேட்டார். அவரே மாமாவுக்குப் போன் போட்டார். "நம்ம குடும்பத்துல அதெல்லாம் கெடையாது," என்று மாமா போனை வைத்துவிட்டார்.

சின்னம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "வண்டிய எடு. நேர்லயே போவோம்."

மாமா வீட்டு வாசலில் அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்தப் பெண்ணே, "அப்பா, ரத்தந்தானே, எடுத்துட்டு வரேன்," என்று எங்களோடு கிளம்பினாள். அவளுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது. சின்னம்மா அதைக் கேட்டுவிட்டு, அடுத்து சொந்தத்தில் யாரைச் சோதனைக்குக் கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தேடத் தொடங்கினார்.